காலடிப்பேட்டை மொட்டை மாடியில் கோடைக் கச்சேரியும் நாடகமும்: எப்ப வைக்கலாம், டிக்கெட் போடலாமா?

காலடிப்பேட்டைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கத்துல இருந்து இங்க நிறைய பேர் எழுதுறீங்க. மேடை ஏறின பழக்கம் உள்ளவங்களும் இருக்கீங்க. உங்ககிட்ட யோசனை கேக்கணும். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க தெருவுல ஒரு படிப்பகம் இருக்கு. கீழ பேப்பர் படிக்கிற கூடம், சாயங்காலம் அங்கேயே பிள்ளைங்களுக்கு இலவச டியூஷன். எங்கப்பா விம்கோ தீப்பெட்டி கம்பெனியில வேலை பாத்தவர். ஷிப்ட் முடிஞ்சா வீட்டுக்கு வராம நேரா இங்க வந்து ரெண்டு பேப்பரையும் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டுத்தான் சாப்பிட வருவார். அவர் போனப்புறம் சாவி என்கிட்ட வந்துச்சு. மேல மொட்டை மாடி. பாதிக்குத் தகரம் போட்டிருக்கு, பாதி வெட்டவெளி. நூறு பேர் தாராளமா உக்காரலாம், நெருக்கினா நூத்தம்பது.

மூணு வருஷமா மே மாசம் சனி, ஞாயிறுல இந்த மாடியில கச்சேரியும் நாடகமும் வைக்கிறோம். ஆரம்பிச்ச காரணம் சின்னது. என்கிட்ட டியூஷன் படிச்ச ஒன்பதாவது பொண்ணு ஒருத்தி, "மிஸ், நான் வீணையை சரஸ்வதி படத்துலதான் பாத்திருக்கேன், நேர்ல பாத்ததே இல்ல"ன்னா. தியாகராஜர் வந்து தங்கி வடிவுடையம்மன் மேல அஞ்சு கிருதி பாடின ஊரு இது. அவரோட சீடர் வீணை குப்பய்யரோட ஊரு. அந்தக் கோயிலுக்கு நடந்து போற தூரத்துல இருக்கிற பொண்ணு வீணையைப் பாத்ததில்ல. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. டிசம்பர்ல மயிலாப்பூர் சபாவுக்குக் கூட்டிட்டுப் போகலாமேன்னு சொன்னாங்க. அரைப் பரீட்சை நேரத்துல, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வீடு திரும்புற மாதிரி எந்த அம்மா பொண்ணை அனுப்புவாங்க? அதனால கோடை லீவு, அதனால எங்க மாடி.

போன வருஷம் ஆறு நிகழ்ச்சி. வீணை ஒரு நாள், பாட்டுக் கச்சேரி ஒரு நாள், கானா ஒரு நாள், நாடகம் மூணு நாள். கூட்டம் வந்துச்சு. ஆனா வெயில் எங்களை அடிச்சுப் போட்டுடுச்சு. மே 4-ல இருந்து 28 வரைக்கும் அக்னி நட்சத்திரம், எங்க தேதி எல்லாம் சரியா அதுக்குள்ள. தகரத்துக்குக் கீழ மேடை. சாயங்காலம் அஞ்சரைக்கு நாடகம். ரெண்டு ஸ்டாண்டு ஃபேன் வச்சோம், அந்தக் காத்து மைக்ல மோதி புர்ருன்னு இரைச்சல். ஃபேனை நிறுத்தினா நடிக்கிறவங்களுக்கு மூச்சு முட்டுது.

ஒண்ணு சொல்றேன். அந்த நாடகத்துல கடல்ல போன மகன் பொணமா கரைக்கு வர்ற காட்சி. பத்தொன்பது வயசுப் பையன், தரையில செத்துக் கிடக்கணும். பத்து நிமிஷம் அம்மா ஒப்பாரி வைக்கிறா. எனக்கு ரெண்டு அடி தள்ளி அவன் முகம். நெத்தியில வேர்வை முத்து முத்தா கோத்து, கண்ணு ஓரமா இறங்கி, காதுக்குள்ள போகுது. அவன் இமைகூட அசைக்கல. முதல் வரிசையில மீன் விக்கிற ஆயா ஒருத்தங்க பனை ஓலை விசிறியோட உக்காந்திருந்தாங்க. தனக்கு வீசிக்கிட்டு இருந்தவங்க, அப்படியே முன்னால சாஞ்சு, அந்தப் பையனுக்கு வீச ஆரம்பிச்சாங்க. ஒப்பாரி முடியிற வரைக்கும் வீசினாங்க. ஒருத்தரும் சிரிக்கல. பின்னால இருந்து பாத்தா செத்த புள்ளைக்குப் பக்கத்துல ஊர்க்கிழவி உக்காந்து ஈ ஓட்டுற மாதிரியே இருந்துச்சு. நாடகத்துலயே அது இருந்திருக்கணும்னு நடிச்ச பொண்ணு அப்புறம் சொல்லி அழுதா.

இவ்வளவு ஆனப்புறம் இதை விட மனசு வரல. ஆனா இப்படியே நடத்தவும் முடியாது. கணக்கைச் சொல்லிடறேன்: செலவு 41,000 ரூபாய். தட்டுல விழுந்தது 9,300. மீதி நாலு பேர் கைக்காசு. மைக் செட்காரர் ஒரு நாள் ஏழே காலுக்குத்தான் வந்தார், வயலின்காரம்மா ஒன்றரை மணி நேரம் படிக்கட்டுல உக்காந்திருந்தாங்க. அவங்க முகத்தைப் பாக்கவே எனக்குக் கூசுச்சு.

வர்ற கோடைக்கு என் கேள்வி இதுதான். மே மாசமே சரியா, இல்ல ஆடிக்குத் தள்ளிடலாமா? தலைக்கு 50 ரூபாய் டிக்கெட் வச்சா ஆளு வருமா? இன்னொண்ணு: ஒரே சாயங்காலம் முதல்ல வீணை, அப்புறம் கானாவுன்னு வைக்க ஆசை. ரெண்டையும் கலந்து வாசிக்கச் சொல்லல, ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு. படிப்பகத்துப் பெரியவங்க ரெண்டு பேர், "வீணைக்கு வர்றவங்க கானாவுக்கு எழுந்து போயிடுவாங்க, கானாவுக்கு வர்ற பசங்க வீணைக்கு விசிலடிப்பாங்க"ங்கிறாங்க. எனக்கு அப்படித் தோணல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. கூத்தும் வைக்கணும்னு ரொம்ப நாளா நெனைப்பு, அதுக்கு என்ன வேணும்னுகூடத் தெரியாது.

---

கொருக்குப்பேட்டை களரி:

தங்கச்சி, படிச்சேன். அந்த ஆயா விசிறினதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன்.

கூத்து பத்திச் சொல்றேன். நான் ஆடினவன் இல்ல, ஆனா எங்க சித்தப்பா செய்யாறு பக்கம் ஆர்மோனியம் வாசிச்சவர், சின்ன வயசுல பத்து வருஷம் அவர் பின்னாலயே பெட்டி தூக்கித் திரிஞ்சிருக்கேன். முதல் விஷயம், கோடையில கூத்துக்காரங்களைப் பிடிக்கிறது கஷ்டம். பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் திரௌபதியம்மன் கோயில்ல பாரதம் நடக்கும். பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில படுகளம், தீமிதி. அவங்களுக்கு வருஷத்துச் சாப்பாடே அந்த நாலஞ்சு மாசம்தான். தை மாசமே நேர்ல போய் வெத்திலை பாக்கு வச்சு முன்பணம் குடுத்துட்டு வாங்க. போன்ல பேசினா "பாக்கலாம்மா"ம்பாங்க, அது வர்றோம்னு அர்த்தம் இல்ல.

ரெண்டாவது, உங்க மாடியில கூத்து வேணாம். வெறுங்கால்ல சலங்கை கட்டி ஆடுறவங்க. அந்த காங்கிரீட் தரை ராத்திரி எட்டு மணிக்கும் சுடும். மண் தரையில ஆடிப் பழகின கால் அது. அதுவும் ஒருத்தர் கட்டை கட்டிக்கிட்டு, கிரீடம், புஜக்கட்டை எல்லாத்தோட எகிறி எகிறிச் சுத்துவார். பழைய கட்டடம், மேல நூறு பேர். யோசிங்க. கோயில் பக்கம் மண் திடல் எதாவது இருந்தா அங்க வைங்க.

நேரம் ஒரு சிக்கல். கூத்துன்னா ராத்திரி பத்துக்கு ஆரம்பிச்சு விடியும். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும் திறந்த வெளியில மைக் கூடாது. அதுக்காக ஒரு ராத்திரிக் கூத்தை ரெண்டு மணி நேரத்துல சுருக்கச் சொல்லாதீங்க. சுருக்கினா கதைதான் மிஞ்சும், கூத்து போயிடும். ஒரு இடத்தை மட்டும் முழுசா ஆடச் சொல்லுங்க. கர்ணன் போருக்குக் கிளம்புறப்போ பொன்னுருவிக்கும் அவனுக்கும் நடக்கிற வாக்குவாதம் ஒண்ணு போதும். நடுவுல கட்டியக்காரன், அதான் கூத்துல வர்ற கோமாளி, வந்து உங்க ஊர்த் தண்ணி லாரியைப் பத்தியே பேசிடுவான். ஏழு மணிக்குத் திரை பிடிச்சா ஒன்பதரைக்கு முடியும். மைக்கே வேணாம்னு சொல்லிப் பாருங்க. முகவீணைன்னு சொல்ற ஊதுகுழலும் மிருதங்கமும் தாளமும் திடலுக்கு தாராளமா எட்டும். அவங்க தொண்டை அதுக்குன்னே பழகினது.

சாப்பாடு, தங்குற இடத்தை விட ஒண்ணு முக்கியம்: வேஷம் கட்ட மூணு மணி நேரத்துக்கு ஒரு அறை. பாய், நல்ல வெளிச்சம், குடிதண்ணி, கடைசியில அரிதாரம் கலைக்கத் தேங்காயெண்ணெய். எண்ணெயை நீங்களே வாங்கி வச்சிருந்தா, இந்த ஊர்ல நம்மள மதிக்கிறாங்கன்னு தெரிஞ்சுப்பாங்க.

வால்டாக்ஸ் ரோட்டு ஒற்றைவாடைக் கொட்டகையில ராத்திரி பூரா நாடகம் நடந்த காலத்தை எங்க தாத்தா சொல்லிக்கிட்டே இருப்பார். வடசென்னைக்கு ராத்திரியில கண் முழிச்சு நாடகம் பாக்கிற பழக்கம் புதுசு இல்ல. விட்டுடாதீங்க.

---

காசிமேடு டோலக்கு:

அக்கா வணக்கம். நான் விசைப்படகுல வேலை. டோலக்கு வாசிப்பேன், கானாவுக்குப் போவேன்.

ஆடிக்கு மட்டும் தள்ளாதீங்க அக்கா. ஆடியில தெருவுக்குத் தெரு கூழு ஊத்துறாங்க, ஒவ்வொரு அம்மன் கோயில்லயும் பாட்டுக் கச்சேரி, ஸ்பீக்கர் மேல ஸ்பீக்கர். உங்க வீணை யார் காதுல உழும்? அதுவும் இல்லாம அப்ப நாங்க கடல்ல இருப்போம்.

ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை. போட்டு எல்லாம் வரிசையா கட்டிக் கிடக்கும். காலையில பெயிண்ட் அடிப்போம், பலகை மாத்துவோம், வலை பின்னுவோம். வெயில் ஏறினா வேலை முடிஞ்சுது. சாயங்காலம் இன்னா பண்றது? கேரம் போர்டு, இல்ல போட்டு கட்டுற வார்ப்புல உக்காந்து பேசிக்கினு இருப்போம். வருஷத்துல எங்காளுங்க குடும்பத்தோட ஊட்ல இருக்கிறது அந்த ரெண்டு மாசம்தான். மத்த நாள்ல அப்பன் எப்ப வருவான், எப்ப போவான்னு புள்ளைக்கே தெரியாது. உங்க கச்சேரிக்குப் புருசன், பொண்டாட்டி, புள்ளை மூணு பேரும் ஒண்ணா வரணும்னா இதை உட்டா வேற காலம் கிடையாது. ஜூன் 14 ராத்திரிக்கு முன்னால முடிச்சிடுங்க. அந்த வாரம் ஐஸு, டீசலு, அரிசி ஏத்துறதுல எல்லாரும் ஓடிக்கினு இருப்போம்.

ஆனா டிக்கெட் வேணாம் அக்கா. எங்களுக்கு நேரம் கீது, கையில காசு கிடையாது. தடைக்கால நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபா குடுக்கிறாங்க, அதை வச்சு ரெண்டு மாசம் ஓட்டணும். 50 ரூபான்னா நாலு பேருக்கு 200. ஊட்டுக்காரம்மா "நீ மட்டும் போ"ம்பாங்க, அப்ப ஆம்பளைங்க மட்டும்தான் வருவோம். தட்டையே வைங்க. இல்லாட்டி காசுக்கு பதிலா கைவேலை கேளுங்க. பந்தல் கட்ட, ஜமக்காளம் தூக்க, லைட்டு கட்ட நாங்க வர்றோம்.

விசில் விஷயம். நம்ம பசங்க விசிலடிப்பாங்கன்னு யாரோ சொல்றது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. கானா எங்க பாடுறோம்? சாவு வீட்ல. பொணத்துக்குப் பக்கத்துல விடிய விடிய உக்காந்து, செத்தவன் பேரு, அவன் செஞ்ச நல்லது, அவன் புள்ளைங்க பேரு எல்லாம் வச்சுப் பாடுறோம். அங்க எப்படி உக்காரணும், எப்ப வாய மூடணும்னு எங்க பசங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்ல. வீணை வாசிக்கிறப்ப நான் முதல் வரிசையில உக்காருறேன், பாருங்க.

ஒண்ணே ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். கானாக்காரன் தேதி குடுத்தாலும், அன்னைக்கு வேண்டியவங்க வீட்ல சாவு உழுந்தா போயே ஆகணும். அதனால ரெண்டு பேரைப் பேசி வைங்க.

---

தேரடி வீணை:

காசிமேடு தம்பி எழுதினதுக்கு அப்புறம் நான் புதுசா ஒண்ணும் சொல்லத் தேவையில்ல. இருந்தாலும் வாத்தியத்தைப் பத்தி மட்டும் சொல்லிடறேன். நான் திருவொற்றியூர்ல இருபத்திரெண்டு வருஷமா வீணை சொல்லித் தர்றேன்.

வீணையில தந்திக்குக் கீழ வரிசையா இருக்கிற உலோகக் கட்டையைத்தான் மெட்டும்போம். அந்த 24 மெட்டும் மெழுகுலதான் நிக்குது. தேன்மெழுகோட கரித்தூள் கலந்து அச்சு மாதிரி வச்சு, அதுமேல மெட்டைப் பதிச்சிருப்பாங்க. மே மாசத் தகரக் கொட்டகையில ஒரு மணி நேரம் வச்சா மெழுகு இளகும். மெட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் சுருதி போச்சு, வாசிக்கிறப்ப விரலுக்கே வழுக்குறது தெரியும். போன வருஷம் உங்க மாடியில வாசிச்சவங்க அடிக்கடி நிறுத்தி நிறுத்திச் சரி பண்ணினாங்கன்னா காரணம் இதுதான். வாத்தியத்தைக் கீழ கூடத்துல வைங்க. வாசிக்க அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் மேல ஏத்தணும். ஆட்டோ பின்சீட்டு வெயில்ல வைக்கவே கூடாது. மிருதங்கத்துக்குக் கதை வேற, கடல் ஈரத்துல தோல் தளரும். அவங்க வரும்போதே கல்லும் கட்டையும் கொண்டு வருவாங்க, தட்டிச் சேத்துக்க கால் மணி நேரம் அமைதியா விடுங்க.

மேடையைத் தகரத்துக்கு அடியில இருந்து வெட்டவெளிக்கு மாத்துங்க. கிழக்கு ஓரமா வைங்க. நம்ம பக்கம் மத்தியானத்துக்கு மேல கடல்காத்து ஏறிடும், அது கிழக்குல இருந்து வரும். மேடை கிழக்குல இருந்தா காத்தோட சேர்ந்து நாதமும் ஜனங்க பக்கம் வரும். மேற்குல வச்சா காத்து நாதத்தைத் திருப்பிக் கொண்டு போயிடும். கிழக்குல வச்சா சாயங்கால வெயில் வாசிக்கிறவங்க கண்ணுல அடிக்குமேம்பீங்க. மே மாசம் ஆறரை வாக்குல சூரியன் இறங்கிடும். ஏழுக்கு ஆரம்பிங்க. மைக்குக்கு ஒரு பஞ்சு உறை போட்டா காத்திரைச்சல் முக்கால்வாசி நின்னுடும்.

ஒரே மேடை பத்தி. 2015-ல பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்துல நடந்த விழாவுல கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே இடத்துல நடந்துச்சு. 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல் தடவை மேடை ஏறினப்போ கானாவைக் கேக்க நகரம் முழுக்க வந்துச்சு. யாரும் எழுந்து போகல. உங்க மாடியில நான் வாசிக்கிறேன், சன்மானம் வேணாம். தியாகராஜரோட அஞ்சு கிருதியில குறைஞ்சது ரெண்டு கிருதி வாசிக்கணும், அது ஒண்ணுதான் என் நிபந்தனை. அம்மனுக்குப் பாடினதை அம்மன் ஊர்ல கேக்காம வேற எங்க கேக்கிறது?

முதல்ல வீணைன்னு முடிவு பண்ணிட்டீங்க. ஒரு நாள் கானாவை முதல்ல வச்சுப் பாருங்க. வீணையை முதல்ல வச்சா அது ஏதோ சாமி கும்பிடுற சடங்கு மாதிரி ஆயிடுது, எப்ப முடியும்னு காத்திருப்பாங்க. தம்பி பாடி முடிச்சு கூட்டம் நல்லா மனசு திறந்து உக்காந்திருக்கிற நேரத்துல வாசிச்சா எனக்கும் சந்தோஷம்.

---

காலடிப்பேட்டைக்காரி:

ரெண்டு நாளா திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நேத்து படிப்பகத்துல எல்லாருக்கும் சத்தமா வாசிச்சும் காட்டினேன். விசில்னு சொன்ன பெரியவர் சாவு வீட்டு வரியைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அந்தப் பையன்கிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு எழுது"ன்னார். எழுதிட்டேன் தம்பி.

மீன்பிடித் தடையை நான் யோசிக்கவே இல்ல. பள்ளிக்கூட லீவை வச்சேதான் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன், காசிமேடு இங்க பக்கத்துலதான். முன்னாடி வரிசையில உக்காந்த ஆயாவும் அதனாலதான் அன்னைக்கு வந்திருக்காங்க போல. மத்த நாள்ல விடியக்காலம் ரெண்டு மணிக்கு ஏலத்துக்குப் போறவங்க, ஏழு மணிக்கெல்லாம் படுத்துடுவாங்க.

ஏப்ரல் கடைசி வாரம் ஆரம்பிச்சு ஜூன் முதல் வாரத்துல முடிக்கிறோம். ஆறு நிகழ்ச்சி இல்ல, அஞ்சு. டிக்கெட் கிடையாது, தட்டு மட்டும். பணத்துக்கு வேற வழி பாக்கிறோம். படிப்பகத்துல படிச்சு வேலைக்குப் போன பிள்ளைங்க நாப்பது பேராவது இருக்காங்க, ஆளுக்கு மாசம் 100 ரூபாய் இப்பவே வாங்க ஆரம்பிச்சா மே மாசத்துக்குள்ள கணிசமா சேரும். மைக் செட் இந்தத் தடவை வேற ஆள். மூணு மணிக்கு வந்து கட்டணும், பாதிப் பணம் அன்னைக்கு, மீதி மறுநாள். கூத்துக்கு அண்ணன் சொன்ன மாதிரி தை மாசம் செய்யாறு போறேன். களரி அண்ணா, நீங்க கூட வந்தீங்கன்னா எனக்குத் தைரியமா இருக்கும். யாரைப் பாக்கணும், எப்படிப் பேசணும்னு உங்களுக்குத்தான் தெரியும். பஸ் செலவு என்னுது.

தேரடி அம்மா, கானா முதல்ல, வீணை அப்புறம். நீங்க சொன்னதுதான் சரி. வீணையைப் பாத்ததில்லைன்னு சொன்ன பொண்ணு இப்ப பிளஸ் டூ. உங்க வீணையைக் கீழ இருந்து மேல தூக்கிட்டு வர்ற வேலை அவளுக்குத்தான்னு சொல்லிட்டேன். அதைச் சொன்னதுல இருந்து வீட்ல படிக்கட்டு ஏறிப் பழகுறாளாம்.

ஒரு கவலை மட்டும் பாக்கி இருக்கு. வெட்டவெளிக்கு மாத்தினா தரைச் சூடு. ஜமக்காளம் போட்டும் போன வருஷம் பிள்ளைங்க உக்கார முடியாம நெளிஞ்சாங்க. என்ன செய்யலாம்?

---

காசிமேடு டோலக்கு:

பெரியவர்கிட்ட மனசுல ஒண்ணும் வச்சுக்கலன்னு சொல்லுங்க அக்கா.

தரைக்கு வழி கீது. போட்டு மேல்தளத்துக்கு நாங்க பண்றதுதான். சாயங்காலம் தண்ணி ஊத்தினா மட்டும் பத்தாது, காலையிலேயே வெயில் படாம மூடணும். எங்க போட்ல தார்ப்பாய் ரெண்டு கீது, தடைக்காலத்துல சும்மாதான் கிடக்கும். காலையில ஏழு மணிக்குள்ள தரைக்கு மேல ஓராள் உயரத்துல இழுத்துக் கட்டிடணும், கீழ காத்து போகணும். நாலு மணிக்கு ஒரு தபா, அஞ்சரைக்கு ஒரு தபா தண்ணி. ஆறு மணிக்குத் தார்ப்பாயைப் பிரிச்சிடலாம், கடல்காத்து நேரா இறங்கும். கயிறு எங்ககிட்ட நெறைய கீது. நாலு மூலையிலயும் கட்டுறதுக்குக் கொக்கி கீதான்னு பாத்துச் சொல்லுங்க, இல்லாட்டி நான் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து அடிச்சுக் குடுக்கிறேன். ஏணி மட்டும் எடுத்து வைங்க.